ஜூனுக்குள் சாக வேண்டிய மனிதர்

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளைப் போல அற்பமான கூட்டத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. நானும் அதில் ஒருத்தி என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். எங்கள் நாட்டில் ஒரு பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியும். அமெரிக்காவின் வட எல்லையில், பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டிலூத்தில், எங்கள் கல்லூரியின் கடைசி செமஸ்டரில் மற்ற பிள்ளைகள் பீர் குடித்துக்கொண்டும் காதலித்துக்கொண்டும் இருந்தபோது, நாங்கள் பன்னிரண்டு பேர் நூலகத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, அடுத்த ஒரு வருஷம் எந்த வேலை பார்த்தால் தேர்வுக்குழு மயங்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். எந்த வேலை பிடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்போம்.

இருந்த வேலைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். அவசரப் பிரிவில் டாக்டருக்குப் பின்னாலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவர் சொல்வதை டைப் அடிக்கலாம். ஆம்புலன்ஸில் போகலாம். ஏதாவதொரு ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி போட்டு, ஆய்வுக்கட்டுரையில் ஏழாவது பெயராக வரலாம். எதைச் செய்தாலும் நோயாளியோடு இருந்த நேரத்தை மணிக்கணக்கில் குறித்துவைக்க வேண்டும். தம்பியின் காலில் இருந்த காயக்கட்டை அவிழ்த்துக் கட்டிய அரை மணி நேரத்தையும் ஒரு பையன் சேர்த்து எழுதியிருந்தான். அவனைக் கேலி செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் எனக்கு எத்தனை தம்பிகள் என்று நான் நினைத்துப் பார்த்தேன். ஒருவனும் இல்லை.

என் அறைத் தோழி ப்ரின் டைப் அடிக்கும் வேலையைப் பிடித்துவிட்டாள். நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார், டாக்டர் ஆஸ்ட்மன். வாழ்நாளில் ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்ததில்லை. தவளையைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் ஆனவர். யார் டாக்டராகலாம், எப்படி ஆகலாம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

"விண்ணப்பக் கட்டுரைல டைப் அடிச்சேன்னு எழுதுனா இப்பல்லாம் யாரும் முழுசாப் படிக்கறதில்ல, மேரன்," என்றார். "ஆயிரம் பேரு அதையே எழுதுறான். நீ எப்பவாவது சாவைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கியா?"

"இல்ல."

"பாத்திருந்தா எழுத்துல ஒரு கனம் வந்திருக்கும்."

கனத்துக்காக நான் ஹாஸ்பிஸ் வேலையில் சேர்ந்தேன். ஆறு மாதத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களை, அவர்கள் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, உடை மாற்றி, படுக்கையைச் சரிசெய்துவிட்டு வர வேண்டும். அதற்கு ஒன்றரை மாதப் பயிற்சி. செய்தியைச் சொன்னதும் ப்ரின்னுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ச்சே, எனக்கு ஏன்டி இது தோணல?" என்றாள். "நீ ஒண்ணும் யோசிக்கவே வேணாம். கதை தானா வந்து மடில விழும்."

"வாரத்துக்கு ஒண்ணு," என்றேன்.

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னைக் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆனால் கதை விழவில்லை. செவ்வாய்க்கிழமை ஒருவரைக் குளிப்பாட்டிவிட்டு வருவேன். வியாழக்கிழமை போனால் கட்டிலை மடித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் நான் இல்லாத நேரமாகப் பார்த்துச் செத்தார்கள். ஒருத்தர் நான் வாசலில் காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்த இரண்டு நிமிஷத்தில் போனார். எனக்கு எரிச்சல் வந்தது. துக்கம் இல்லை, எரிச்சல். ஆள் ஒரு பக்கம் போகிறார், கட்டுரைக்கு ஒரு வரி தேறவில்லை.

நிலைத்தவர் வெர்ன் ஸ்டென்பர்க் ஒருவர்தான். எண்பத்தொரு வயது. ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப்போகும் கப்பல்களில் முப்பத்தொன்பது வருஷம் சமையல்காரராக இருந்தவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இதயம் பம்ப் செய்வதை ஏறக்குறைய விட்டுவிட்டிருந்தது; கால்கள் வீங்கி முழங்கால் வரை பளபளவென்று இருந்தன. ஆகஸ்டில் முதல் நாள் போனபோது சாய்வு நாற்காலியில் இருந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் என்னக் குளிப்பாட்டப் போறவளா?"

"ஆமா. என் பேரு மேரன்."

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. எதுக்கு இந்த வேலைக்கு வந்த? உண்மையச் சொல்லு."

"டாக்டருக்குப் படிக்கணும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் அனுபவம்..."

"ஓ, அப்ப நான் ஒனக்குப் பழகுற கட்டை." சட்டையைக் கழற்றினார். "வா டாக்டர், முதுகுலேருந்து ஆரம்பி. தண்ணி ஆறிடப் போவுது."

நான் அவரை அன்பாகப் பார்த்துக்கொண்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். வாழ்க்கை முழுக்க மதிப்பெண் வாங்கியே பழகியவளுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்துவிடுவாள். வாரம் மூன்று நாள் போனேன். போன உடனே எடை பார்த்துச் சமையலறைக் காலண்டரில் எழுதினேன். எடை ஏறினால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் அவருடைய அங்கியைத் துவைக்க எடுத்தபோது பாக்கெட்டில் பதினான்கு மாத்திரைகள் கிடந்தன. எல்லாம் நீர் இறங்கக் கொடுத்தவை.

"இதெல்லாம் என்ன, வெர்ன்?"

"அத முழுங்கினா நாள் பூரா கக்கூஸ்லதான் குடித்தனம். அங்க போறதுக்குள்ள மூச்சு நின்னுடுது. நீ போய்ப் பாரேன்."

நர்ஸ் ஜோலீனிடம் சொன்னேன். அவள் மாத்திரையைக் காலை நேரத்துக்கு மாற்றி, கழிப்பறை நாற்காலி ஒன்றைக் கட்டில் பக்கத்திலேயே போட ஏற்பாடு செய்தாள். பிறகு அலமாரியைத் திறந்தேன். டப்பா சூப் இருபது, உப்பில் ஊறிய மீன் ஏழு ஜாடி. சமையல்காரர் சாப்பிடுகிற லட்சணம். எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்தேன். கப்பலில் கற்றுக்கொண்ட வசவுகளை எல்லாம் அன்று என்மேல் கொட்டித் தீர்த்தார்.

"சாவப் போறவனுக்கு மீனு கூட ஆவாதா? நீயெல்லாம் டாக்டராயி என்ன கிழிக்கப் போற?"

"கால் வீக்கம் குறையட்டும், அப்பறம் பேசிக்கலாம்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கா பாரு," என்று சுவரிடம் சொன்னார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து உப்பில்லாமல் எப்படிச் சமைப்பது என்று அவரே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். எலுமிச்சை, மிளகு, சோம்புக்கீரை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னை ஏவுவார்; நான் நறுக்குவேன். நறுக்குவது தப்பு என்பார்.

ஏப்ரலில் அவருக்குச் சளிக்காய்ச்சல் வந்து நெஞ்சுக்கு இறங்கியது. கண் திறக்கவில்லை. ஜோலீன் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், "இந்த வாரம் தாண்டாது, மனசத் தயார் பண்ணிக்க," என்றாள்.

மனசை அல்ல, கட்டுரையைத் தயார் செய்தேன். மூன்று நாள், என் வேலை நேரம் முடிந்தபிறகும் அங்கேயே இருந்தேன். ஜோலீன் என் தோளைத் தட்டி, நல்ல பொண்ணு என்றாள். அந்த நல்ல பொண்ணு அவருடைய சமையல் மேசையில் லேப்டாப்பை விரித்துவைத்து, அவர் சாவை எழுதிக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தில் நாம் யார் என்று சொல்ல ஐயாயிரத்து முந்நூறு எழுத்து தருவார்கள், இடைவெளியும் சேர்த்து. நோயாளியின் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருப்பதால் அவருக்கு வால்ட்டர் என்று பெயர் வைத்தேன். அந்தச் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்காகவே செய்தது போல இருந்தது. யாரும் சரிபார்க்க முடியாது. கப்பல், மாத்திரை, மீன் ஜாடி, காலண்டரில் எழுதிய எடை எல்லாவற்றையும் வால்ட்டருக்குக் கொடுத்தேன். பிறகு, ஏரியில் பனி உடைகிற ஒரு காலையில், என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீ நல்ல டாக்டராக வருவாய்' என்று சொல்லவைத்து அவரைச் சாகடித்தேன். நன்றாக வந்திருந்தது. சனியன், மிக நன்றாக வந்திருந்தது. கடைசிப் பத்தியில் எனக்கே கண் கலங்கியது.

நான்காம் நாள் போனபோது வெர்ன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"முட்டை இருக்கா?" என்றார். "பசி உசுரு போவுது."

முட்டை பொரித்துக் கொடுத்தேன். அவர் சாப்பிடுவதைப் பார்த்தபடி நின்றேன். எனக்குள் இருந்தது ஏமாற்றம்தான். அதற்கு வேறு நல்ல பெயர் ஒன்றும் கிடையாது. அதன்பிறகு ஒவ்வொரு முறை அவர் வீட்டுக் கதவைத் திறக்கும்போதும் ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். உள்ளேயிருந்து ரேடியோ சத்தமும் இருமலும் கேட்கும். ம், இன்னும் இருக்கிறார் என்று பையைக் கீழே வைப்பேன்.

மே மாதம் அவர் கைத்தடி ஊன்றி அஞ்சல் பெட்டி வரைக்கும் போய்வந்தார். ஜூன் முதல் வாரத்தில் விண்ணப்பம் அனுப்பலாம். முதல் நாளே அனுப்ப வேண்டும். இடங்களை வருகிற வரிசையில் நிரப்புவார்கள், ஒரு வாரம் தாமதித்தால் நூறு பேருக்குப் பின்னால் போய்விடுவோம். அன்று காலை ப்ரின் தன்னுடையதை அனுப்பிவிட்டு என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இன்னும் அனுப்பல?"

"அவரு சாகல, ப்ரின்."

"யாரு, உன் வால்ட்டரா? அவருக்கு என்ன வயசு?"

"எம்பத்தொண்ணு."

"இதயம்?"

"இருபது சதவீதம் வேலை செய்யுது."

"அப்பறம் என்ன? அவங்க எடுத்துப் படிக்க ஆகஸ்டு, செப்டம்பர் ஆயிடும். அதுக்குள்ள இது உண்மையாயிடும். நீ பொய் சொல்லல, கொஞ்சம் சீக்கிரமாச் சொல்ற, அவ்ளோதான்."

இதைக் கேட்டு நான் அவளைச் செருப்பால் அடிக்கவில்லை. நியாயமாகப் பட்டது. பல வருஷம் வேதியியலும் புள்ளியியலும் படித்த மூளை, சாத்தியக்கூறுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்துச் சரி என்று சொன்னது. காலை எட்டரைக்கு அனுப்பினேன். அனுப்பியபின் கட்டுரையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

இரண்டு வாரம் கழித்து ஜோலீன் வெர்னின் வீட்டுக்கு ஒரு கேக் வாங்கிவந்தாள். ஹாஸ்பிஸில் இருப்பவர் அவ்வப்போது இன்னும் சாகிற நிலையில்தான் இருக்கிறார் என்று நிரூபித்தாக வேண்டும். வெர்னால் நிரூபிக்க முடியவில்லை. அதனால் அவரை ஹாஸ்பிஸ் பட்டியலிலிருந்து வெளியே அனுப்புகிறார்கள்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்," என்றாள் ஜோலீன். "இப்படி நடந்து வெளிய போனவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். மாத்திரையக் கண்டுபுடிச்சது, உப்ப நிறுத்துனது, எல்லாம் இவதான், வெர்ன்."

"தெரியும் தெரியும்," என்றார் வெர்ன். "பட்டினி போட்டே பொழைக்க வச்சிட்டா." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார்.

கேக்கை வாயில் வைத்தேன். மண் மாதிரி இருந்தது. ஒரு மனிதன் என் கையால் பிழைத்திருக்கிறான். டாக்டராக வேண்டும் என்று அலைகிற ஒருத்தி கேட்டு வாங்க வேண்டிய கதை அது. இருபது பேரைக் குளிப்பாட்டியதில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மைக் கதையும் அதுதான். அன்று அது எனக்கு உறைக்கவே இல்லை. எப்போது மாட்டிக்கொள்வேன் என்பது மட்டுமே மண்டைக்குள் ஓடியது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. தெற்கே இரண்டரை மணி நேரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியிலிருந்து ஜனவரியில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். வேறெங்கும் அழைக்கவில்லை, இதை விட்டால் இன்னொரு வருஷம், இன்னொரு வேலை, இன்னொரு கட்டுரை. வெர்ன் இப்போது நோயாளி இல்லை என்பதால் வாரம் ஒருமுறை போன் செய்து பேசுவார். செய்தியைச் சொன்னேன். போக வேண்டிய அன்று காலை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. என் கார் கிளம்ப மறுத்தது. எனக்கு வேறு யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

"வாசல்ல நில்லு, வர்றேன்," என்றார்.

"வேண்டாம் வெர்ன், தூரம்."

"புதுசா லைசன்ஸ் எடுத்து வச்சிக்கிட்டு நான் எங்க போறது? கடைக்கும் வீட்டுக்குமா? நில்லு."

பச்சை ட்ரக்கில் வந்தார். வழியெல்லாம் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுக்கிறேன் என்று உயிரை எடுத்தார். "உப்ப ஏன் நிறுத்தணும், சொல்லு. இந்த மாத்திரை எந்த நேரத்துல குடுக்கணும், சொல்லு." எல்லாம் தனக்குத் தெரிந்த கேள்விகள். கல்லூரிக்கு எதிரே நிறுத்திவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டு, "போ, நான் இங்கதான் இருப்பேன்," என்றார்.

உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். அறுபத்தைந்து வயதிருக்கும், சிறுநீரக நிபுணர். பாதி தின்ற ஒரு ஆப்பிள் மேசையில் இருந்தது. என் கட்டுரையைப் புரட்டினார்.

"வால்ட்டர்," என்றார். "நல்லா எழுதியிருக்கீங்க." பிறகு கோப்பை மூடிவிட்டார். "இந்த வாரத்துல இது ஒம்போதாவது சாவு. எல்லாரும் கையப் புடிச்சிக்கிட்டேதான் சாகுறாங்க. நான் முப்பத்தெட்டு வருஷமா டாக்டர். என் கையப் புடிச்சிக்கிட்டு செத்தவங்க ரெண்டு பேரு. அதுல ஒருத்தரு என்னைத் தன் பொண்டாட்டின்னு நெனச்சிருந்தாரு."

நான் சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் பாதி சிரித்தேன்.

"செத்தவங்க போதும். நீங்க செஞ்ச ஏதோ ஒண்ணால தேறுனவங்க யாராவது உண்டா? பெரிசா வேணாம். கால் வீக்கம் வடிஞ்சது, ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாங்க, இப்படி. யாராவது ஒருத்தரைச் சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வெர்ன் ட்ரக்கிலிருந்து இறங்கி, கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். குல்லாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பத்து மாதத்து எடையும் எனக்கு மனப்பாடம். பதினான்கு மாத்திரை, ஏழு ஜாடி. வாயைத் திறந்தேன். அத்தனையும் அந்தக் கோப்புக்குள், செத்துப்போன வால்ட்டரின் கணக்கில் இருந்தது. எதைச் சொன்னாலும் அந்த டாக்டர் கோப்பைத் திறந்து பார்ப்பார்.

"இல்ல," என்றேன். "அப்படி யாரும் இல்ல."



"பரவால்ல," என்றார் அந்த அம்மாள். "இல்லன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். மத்தவங்கள்லாம் கேட்ட ஒடனே ஒருத்தரப் பொழைக்க வச்சிடுறாங்க." பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். எழுதியது என்ன என்று மார்ச்சில் தெரிந்தது. எனக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். என் நேர்மை அவருக்குப் பிடித்திருந்ததாம்.

கீழே வந்து ட்ரக்கில் ஏறினேன். ரேடியோவில் ஹாக்கி ஆட்டம். காபிக் கோப்பையை என் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

"என்ன கேட்டாங்க? உப்பக் கேட்டாங்களா?"

"இல்ல. நான் பாத்துக்கிட்ட ஒரு நோயாளியப் பத்திக் கேட்டாங்க."

"பொழைச்சாரா?"

"இல்ல," என்றேன். "செத்துட்டாரு."

"நீ சொன்னதே இல்லையே. எனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"இல்ல. வால்ட்டர்னு ஒருத்தரு."

வெர்ன் கை நீட்டி ரேடியோவை அணைத்தார். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாவம்," என்றார்.

பாதி வழியில் இருக்கும் ஹிங்க்லி வரும்வரை அவர் ரேடியோவையும் போடவில்லை; குல்லாயையும் திரும்பப் போடவில்லை. அந்த ட்ரக்கில் ஹீட்டர் சரியாக வேலை செய்யாது. காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.